நீலக்கோடு

ஜூன் 8, சனி

வக்கீல் பொன்னுதுரை சொல்லியிருக்கிறார்: "சார், பிள்ளை வர்ற நாள்ல என்ன நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைங்க. என்ன சாப்பிட்டா, என்ன பேசுனா, என்ன உடுத்திட்டு வந்தா, எல்லாம். நாளைக்குக் கோர்ட்ல நமக்கு அதான் கை கொடுக்கும்." இருபது வருடத்துக்கு மேலாக வரலாறு நடத்துகிறவனிடம் ஆதாரத்தின் அருமையைச் சொல்கிறார். இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் உள்ளதை உள்ளபடி. என் பெயர் சங்கரநயினார். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறை. துறைத் தலைவராக இருக்க வேண்டியவன், இல்லை. அது வேறு கதை. என் மனைவி பகவதி போன வருடம் ஏப்ரலில் மகளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மகள் வடிவு. பத்தரை வயது. குடும்பநல நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவுப்படி மாதத்தில் இரண்டாம், நான்காம் சனிக்கிழமை காலையில் என்னிடம் வருவாள். ஞாயிறு மாலை திரும்பிவிடுவாள். அவளை முழுவதுமாக என்னிடமே ஒப்படைக்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறேன்.

மகன் வேலு. வடிவுக்கு மூத்தவன். அவனும் இந்த வீட்டில்தான் இருக்கிறான் என்று எழுதினால் பொன்னுதுரை அந்த வரியை அடித்துவிடுவார். சரி. அவன் போய் இந்த அக்டோபரில் இரண்டு வருடம். பதினோரு வயது முடிந்திருந்தது. டெங்கு. "யார் மேலயும் தப்பு இல்ல சார்" என்று டாக்டர் சொன்னார். என் வாழ்க்கையில் நான் கேட்ட மிக மோசமான வாக்கியம் அது.

இன்று வடிவு தாமதமாகத்தான் வந்தாள். பகவதியின் தம்பி கணபதி பைக்கில் கொண்டு வந்து இறக்கினான்.

"அத்தான், இந்தாங்க பை. ராத்திரி லைட்ட மட்டும் அணைச்சிராதீங்க. பிள்ள பயப்படுதா."

"என் வீட்டுல பயப்பட என்ன இருக்கு மாப்ளே?"

அவன் என் தோளுக்கு மேலாக உள்ளே பிள்ளைகள் அறையைப் பார்த்தான். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். படித்தவனுக்குப் பதில் சொல்ல அந்தக் குடும்பத்தில் எவனுக்கும் வராது.

உள்ளே வந்ததும் வழக்கம்போல் அளந்தேன். பிள்ளைகள் அறையின் கதவு நிலையில்தான் அவர்கள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அளந்து வருகிறேன். தலையில் ஸ்கேலை வைத்து, மட்டம் பார்த்து, பென்சிலால் ஒரு கோடு. வேலுவுக்கு நீலம், வடிவுக்குச் சிவப்பு. நீலத்தில் கடைசிக் கோடு என் நெஞ்சுயரத்தில் நிற்கிறது. அதற்கு மேல் வெறும் மரம். வடிவின் சிவப்பு இன்று அந்தக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே வந்துவிட்டது.

கோடு போட்ட பிறகு நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"அடுத்த தடவ அண்ணனத் தொட்டுருவேனாப்பா?"

"தொட்டுருவட்டி" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் இட்லி. "அண்ணன் கனவுல வந்தானா?" என்று கேட்டேன். வடிவு இங்கே படுக்கும் இரவுகளில் அவன் அவள் கனவில் வருகிறான். எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

அவள் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்தபடி யோசித்தாள். "வந்தான். சைக்கிள் ஓட்டிட்டு வந்தான்."

"எந்தச் சைக்கிள்?"

"அவன் சைக்கிள்தான். செகப்பு... இல்ல, கறுப்பு."

"கறுப்புதான். அப்புறம்?"

"தண்ணி கேட்டான். குடிச்சான். போய்ட்டான்."

"என்னையப் பத்திக் கேட்டானா?"

"கேட்டான். அப்பா சாப்டாவளான்னு கேட்டான்."

அவன் அப்படித்தான் கேட்பான். ஒரு சொல் மாறாமல் அப்படித்தான் கேட்பான்.

அவள் போன பிறகு இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில், அவன் தலையணைப் பக்கம், ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.

ஜூன் 17, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன், "வீட்ல அம்மா இல்லையா சார்?" என்றான். இல்லை என்றேன். "அப்போ உள்ள ஃபேன் ஓடுதே, யாரு?" என்றான். டிப்ஸ் கொடுக்கவில்லை.

ஜூன் 22, சனி

வடிவு வந்ததும் உடை மாற்றிக்கொண்டாள். வரும்போது போட்டிருந்த பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது. பிள்ளைக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுக்கக்கூடத் தாய்க்கு மனமில்லை. பையிலிருந்து ஒரு நீளப் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அவளாகவே நிலையில் போய் நின்றாள். இந்த வெயிலில் தரை கூட்டும் பாவாடை. அளந்தேன். போன தடவை போட்ட அதே கோடு. அதே ஒரு விரற்கடை.

மத்தியானம் இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தேன். காலையிலிருந்து சமையலறையில் நின்று, யாருடைய உதவியும் இல்லாமல். வேலு இதற்காக உயிரை விடுவான். வடிவு இரண்டு இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தாள். பசிக்கவில்லையாம். வளரும் பிள்ளைக்குப் பசிக்காமல் போவது எப்போது? சாப்பிட்டுப் பழக்கமில்லாதபோது. குறித்துக்கொள்கிறேன்.

படுக்கப் போகும்போது, "ஃபேன அணைக்கட்டாப்பா? குளிருது" என்றாள்.

"அண்ணனுக்குக் காத்து வேணும்லட்டி."

சரி என்று போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அந்த மின்விசிறி அக்டோபரிலிருந்து, அந்த அக்டோபரிலிருந்து, நின்றதில்லை. மின்வெட்டின்போது நின்றால் எனக்கு நெஞ்சு அடைக்கும். வேலுவுக்கு அந்த டக் டக் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது.

ஜூலை 2, செவ்வாய்

பகவதியின் பதில் மனுவின் நகல் வந்திருக்கிறது. வடிவின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு நான் அவளுக்கு வேலுவின் சட்டையைப் போட்டுவிட்டேனாம். அந்தப் பிள்ளை அன்று முழுக்கப் பேசவில்லையாம். அதனால்தான் வீட்டை விட்டு வெளியேறினாளாம். நல்ல சட்டை. இஸ்திரி போட்டு வைத்திருந்தேன். அதில் என்ன குற்றம்?

என் பக்கத்தை யார் எழுதுவது? அவன் காரியம் முடிந்த மறு வாரமே அவனுடைய பள்ளிக்கூடப் பையைத் தூக்கி வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்தவள் இவள். நான் போய்த் திரும்ப வாங்கி வந்தேன். வாட்ச்மேனின் மகள் தன் புத்தகங்களை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்துவிட்டு, பையை உதறி, மடித்து என்னிடம் கொடுத்தாள். அதை ஒரு அவமானமாக நான் நினைக்கவில்லை. பகவதிதான் அழுதாள்.

ஜூலை 13, சனி

அதே கோடு.

வடிவின் குதிகாலில் கொப்புளம். ஷூ கடிக்கிறது என்றாள். பிளாஸ்திரி ஒட்டினேன். "அம்மாகிட்டச் சொன்னியா?" என்றதற்கு, "அம்மா வாங்கித் தாரேன்னாவ. நாந்தான் உங்ககூடப் போயி வாங்குதேன்னு சொல்லிட்டேன்" என்றாள். பிள்ளை தாயைக் காப்பாற்றப் பொய் சொல்கிறது. பொன்னுதுரையிடம் சொன்னேன். "எழுதுங்க சார், எழுதுங்க" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு

நேற்றிரவும் வந்தானாம். மழையில் நனைந்துகொண்டு நின்றானாம். பேசவில்லையாம். நான் அதிகம் கேட்டதும், "சிரிச்சாம்ப்பா, போதுமா?" என்றாள். அந்தப் 'போதுமா' பகவதியின் குரல். அங்கே என்ன சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜூலை 27, சனி

அதே கோடு. பென்சிலை அதன் மேலேயே ஓட்டினேன்; சிவப்பு தடித்துவிட்டது.

பொன்னுதுரைக்கு போன் போட்டேன். உற்சாகமாகிவிட்டார். "பத்தரை வயசுப் பொம்பளப் பிள்ள சார். கொடி மாதிரி வளர வேண்டிய வயசு. ரெண்டு மாசமா ஒரு இஞ்சுகூட வளரலன்னா என்ன அர்த்தம்? வயித்துக்குப் போடல! இத மனுவுல சேத்துருவோம். அந்தக் கதவ போட்டோ எடுத்து அனுப்புங்க."

எடுத்தேன். வடிவைக் கதவோரத்தில் நிற்கச் சொன்னேன். கோடு தெரிய வேண்டும் என்பதால் தலையை மட்டும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பகவதி போன் செய்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை.

"பிள்ளையப் பட்டினி போடுதேன்னு எழுதிருக்கீங்க."

"அளந்து பாத்ததத்தான் எழுதிருக்கேன்."

"பதினஞ்சு வருசம் என் கையால சாப்பிட்டவங்கதான நீங்க? பட்டினி போடுத கையா இது?"

"ஆதாரம் இருக்கு."

"போன வாரம் பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளையும் அளந்தாவ. வடிவு கிளாஸ்லயே ரெண்டாவது உசரம். அந்தப் பேப்பரக் கோர்ட்ல குடுக்கப் போறேன்."

"எந்தப் பேப்பரையும் எழுதி வாங்கலாம்."

"நீங்க அவளப் பாக்கீங்களா, இல்லையா?" என்றாள். மாதம் இரண்டு தடவை உத்தரவுப்படி பார்க்கிறேன் என்றேன். வைத்துவிட்டாள்.

வேலுவுக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் இவள்தான் சொன்னாள், சாதாரணக் காய்ச்சல்தான் என்று. நானும் அதையேதான் சொன்னேன். ஆனால் முதலில் சொன்னது அவள்.

ஆகஸ்ட் 14, புதன்

நீதிமன்றம். நீதிபதி ஒரு அம்மாள். வேறு ஊர்க்காரர் போலத் தெரிகிறது, பேச்சில் நம் இழுவை இல்லை. என் போட்டோவையும் பள்ளிக்கூடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவற்றுக்கு இடையில் இரண்டு விரற்கடை வித்தியாசம். இரண்டில் ஒன்று பொய் என்று நான் எழுந்து சொன்னேன். பொன்னுதுரை என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நீதிபதி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த தேதியில் பிள்ளையைத் தனியாக, தன் அறையில் வைத்து விசாரிப்பதாகச் சொன்னார். அவள் விருப்பத்தைக் கேட்டுத்தான் தீர்ப்பாம்.

ஆகஸ்ட் 24, சனி

அதே கோடு. நான் ஸ்கேலை எடுத்துவரத் தாமதமாகிவிட்டது, எங்கோ வைத்துவிட்டேன். அவள் நிலையில் ஒட்டி நின்றபடியே இருந்தாள். திரும்பி வந்தபோது நெற்றியில் வியர்த்திருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சத்து இல்லாத உடம்பு. ஒரு நிமிடம் நிற்க முடியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் அவள் கிளம்பும் முன் பேசுவது நல்லது என்று பொன்னுதுரை சொல்லியிருந்தார். சொல்லிக்கொடுப்பது அல்ல, பேசுவது. நான் இன்றே பேசிவிட்டேன்.

"ஜட்ஜம்மா உன்னையக் கூப்பிட்டுக் கேப்பாவ. பயப்படாத. உள்ளதச் சொல்லு."

"என்ன கேப்பாவ?"

"யார்கூட இருக்கணும்னு கேப்பாவ. எங்க ரெண்டு பேர்கூடவும் இருக்கணும்னு சொல்லு."

அவள் முகம் மலர்ந்தது. இத்தனை மாதத்தில் நான் பார்க்காத முகம். "ரெண்டு பேர்னா, நீங்களும் அம்மாவுமாப்பா?"

"நானும் அண்ணனும்."

சரி என்று தலையாட்டினாள். பிறகு மெதுவாக, "அப்பா, நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றாள். கேள் என்றேன். என்னைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றாள்.

செப்டம்பர் 11, புதன்

வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஆகிறது. சட்டையைக்கூட மாற்றவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதைப் பொன்னுதுரையிடம் காட்டப் போவதில்லை.

வடிவைக் காலையில் நீதிபதி தன் அறைக்குள் அழைத்துக்கொண்டார். பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். வராந்தாவின் ஒரு முனையில் நான். மறுமுனையில் பகவதியும் கணபதியும். நடுவில் டீ விற்பவன் இரண்டு தடவை போய் வந்தான். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. வடிவின் சிரிப்பு. அதை அடையாளம் காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பிறகு அவளை ஒரு பெண் ஊழியரோடு வெளியே அனுப்பிவிட்டு, எங்கள் இருவரை மட்டும் கூப்பிட்டார்கள்.

"உக்காருங்க சார். உக்காரும்மா" என்றார் நீதிபதி. "ரெண்டு அளவும் ஒத்து வரல. அதனால பிள்ளைகிட்டயே கேட்டேன்."

"பள்ளிக்கூடத்துத் தாள் எதிர்த்தரப்பு வாங்கியது, மேடம். அதோட நம்பகத்தன்மை..."

"இருங்க. அளக்கும்போது நீங்க எதைப் பாப்பீங்க?"

"ஸ்கேலை. மட்டமா இருக்கான்னு. அப்புறம் கோட்டை."

"பிள்ளையோட காலை?"

"பாவாடை கட்டியிருப்பா மேடம். தெரியாது."

"தெரியக் கூடாதுன்னுதான் கட்டிக்கிட்டாளாம்."

எனக்குப் புரியவில்லை. பகவதிக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நான் அவளைப் பார்த்து, என்ன என்று கேட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு, சாதாரணமாக, கடையில் ஏதோ விலை கேட்பதைப் போல, "என்ன?" என்று.

நீதிபதி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். பிள்ளை சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறார். வேற்றூர்க்காரரின் வாயில் என் மகளின் பேச்சு.

"'அண்ணன் கோட்டுப் பக்கத்துல வந்ததுக்கே அப்பா அழுதாவ. தாண்டிட்டா ரொம்ப அழுவாவ. அதான் முட்டிய மடக்கிட்டு நிப்பேன். அப்பா ஸ்கேலத்தான் பாப்பாவ, என்னையப் பாக்க மாட்டாவ. அதனால தெரியாது.'"

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆதாரத்துக்கு எதிராக நூறு வாதம் வைக்கப் பழகியவன்.

"கனவைப் பத்தியும் சொன்னா. நீங்க கேப்பீங்கன்னு, மாமா பைக்ல வரும்போதே யோசிச்சுக்கிட்டு வருவாளாம். ஒரு தடவ சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாதே, அது கஷ்டமா இருக்குன்னா."

தண்ணீர் கேட்டது, மழையில் நின்றது, அப்பா சாப்டாவளா என்றது. எல்லாம் ஒரு பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து செய்தவை.

"யாரு வேணும், அம்மாவா அப்பாவான்னு நான் கேக்கல" என்றார் நீதிபதி. "அப்படிக் கேட்டா, எந்தப் பிள்ளையும் யாரையோ ஒருத்தரைக் கொன்ன மாதிரி நினைச்சுக்கும். உனக்கு என்ன வேணும்னு மட்டும் கேட்டேன். அம்மாகூட இருக்கணும். அப்பாவ வாராவாரம் பாக்கணும், ஆனா வெளிய வச்சு. அந்த ரூம்ல படுக்க முடியல. மேல அண்ணன் படுத்திருக்கான்னு நீங்க சொல்றீங்களாம், அவ ராத்திரி பூரா அந்தப் பலகையையே பாத்துக்கிட்டுக் கிடப்பாளாம். என்னைக்கு முடியுதோ அன்னைக்குத் தானே வந்து படுத்துக்குவேன்னு சொல்லச் சொன்னா. அப்புறம் ஷூ வாங்கணுமாம். உங்ககூடப் போய்."

உத்தரவும் அப்படியே. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு தோறும் பகல் முழுவதும் என்னோடு, அவள் சொல்லும் இடத்தில். இரவு தங்குவது அவள் கேட்டால் மட்டும். முழுப் பொறுப்புக் கேட்ட என் மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் பகவதியை நிறுத்தினேன். "உனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சும் எனக்குச் சொல்லல."

"தெரிஞ்சா விட்டுருப்பேனா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு கனவு சொல்லிருக்கா. அண்ணன் வந்தான், காய்ச்சலெல்லாம் விட்டுட்டுன்னு சொன்னான், அம்மாவ அழக் கூடாதுன்னு சொல்லச் சொன்னான்னு. நானும் நம்பிட்டேன். அன்னைக்குத்தான் ஒழுங்காத் தூங்குனேன்."

வராந்தாக் கடைசியில் வடிவு கணபதியின் கையைப் பிடித்து நின்றாள். தூண் அருகே நிமிர்ந்து நின்றவளைப் பார்த்தேன். அவன் தோளுக்கு வந்திருந்தாள்.

செப்டம்பர் 12, வியாழன்

கல்லூரிக்குப் போகவில்லை. விடுப்புக்கு என்ன காரணம் என்று துறைத் தலைவர் கேட்டார். முட்டி வலி என்றேன்.

அது பொய்யும் அல்ல. காலையில் நிலையில் முதுகை ஒட்டி நின்று, முட்டியை மடக்கி, தலை நீலக்கோட்டுக்கு வரும்வரை இறங்கினேன். தொடை நடுங்கத் தொடங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். பென்சிலைச் சீவும் நேரம்கூட என்னால் நிற்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோட்டு உயரத்திலிருந்து பார்த்தால் எதிரே தெரிவது, நான் நின்று அளக்கும்போது என் சட்டையின் மூன்றாவது பொத்தான் இருக்கும் இடம். முகம் தெரிய வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டும். தூக்கினால் ஸ்கேல் சரியும்.

கட்டிலின் மேல்தட்டில் டம்ளர் இருந்தது. தண்ணீர் பாதிதான் இருந்தது. வெயிலில் வற்றியிருக்கும். நான்தான் நிரப்பி நிரப்பி வைத்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் பொன்னுதுரை, போனில். "பிள்ளைக்குத் தாய் சொல்லிக்கொடுத்து அனுப்பிருக்கான்னு அடிப்போம் சார்." வேண்டாம் என்றேன். "ஏன் சார்? ஜெயிக்கிற கேஸ்." வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கணபதி பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள செருப்புக்கடை வாசலில் கொண்டுவந்து விட்டான். தாமதம்தான். தண்ணீர் பாட்டில்கூட அனுப்பவில்லை பகவதி. "வாரேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் தலையை ஆட்டினேன்.

வடிவு முட்டி தெரியும் கவுன் போட்டிருந்தாள். என் முன்னால் வந்து நின்றவள், நின்றதும் கொஞ்சம் குனிந்தாள். பழக்கம். பிறகு நினைவு வந்தவள்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் வயதானவர். அளவுப் பலகையைத் தரையில் போட்டு, "பாப்பா, கால வையி" என்றார். வைத்தாள். குதிகால் தூக்கியிருந்தது, விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

"இப்பிடி வச்சா எப்பிடிம்மா? நல்லா ஊணி நில்லு. விரல விரி. நிமிந்து நில்லு தாயி."

அவள் கடைக்காரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். கடையில் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். என் கண்ணாடி மங்கலாகிவிடும் போலிருந்தது. கழற்றித் துடைக்கவில்லை. இந்தத் தடவை அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று இருந்தேன்.

"நில்லுட்டி" என்றேன்.

நின்றாள். முதலில் விரல்கள் விரிந்தன. பிறகு குதிகால் இறங்கியது. பிறகு முட்டி. அவள் தலை என் நெஞ்சைத் தாண்டி, கழுத்துப் பட்டி அருகே வந்து நின்றது.

"எம்மாடி! அப்பாவ எட்டிப் புடிச்சிருவ போலயே!" என்றார் கடைக்காரர். "வளர்ற பிள்ள சார், ஒரு சைஸ் கூடவே எடுங்க."

நான் அழவில்லை. அவள் அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் சிரித்தாள்.

பழைய ஷூவைப் பெட்டியில் போட்டுத் தரட்டுமா என்று கடைப்பையன் கேட்டான். என் கை நீண்டுவிட்டது. "வேண்டாம்ப்பா, கடிக்கும். இங்கனயே போட்டுட்டுப் போயிருவோம்" என்றாள். போட்டுவிட்டு வந்தோம்.

ஹோட்டலில் என்ன வேண்டும் என்று கேட்டேன். கத்தரிக்காய் எண்ணெய்க் குழம்பு. சொதி பிடிக்காதாம், தேங்காய்ப்பால் வாடை ஆகாதாம். சின்ன வயதிலிருந்தேவா என்று கேட்டேன். "ஆமா, உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்றாள். பள்ளியில் வாலிபால் அணியில் சேர்த்திருக்கிறார்களாம், உயரத்தைப் பார்த்து. ஜூன் மாதமே. மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். கனவைப் பற்றி நான் கேட்கவில்லை. கைகழுவும்போது அவளே, "நேத்து அண்ணன்..." என்று ஆரம்பித்தாள். "வாலிபால்ல நீ எந்த இடத்துல நிப்ப?" என்றேன். நெட்டுக்குப் பக்கத்தில் என்றாள். குதிக்க வேண்டியிருக்குமாம்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் டக் டக் சத்தம். பிள்ளைகள் அறை வாசலில் நின்றேன். கோடுகளை அழிக்கவில்லை, அழிக்கப் போவதும் இல்லை. உள்ளே பார்த்து, சத்தமாகவே சொன்னேன்.

"ஏலே வேலு, தங்கச்சி உன்னையத் தாண்டிட்டா."

காத்திருந்தேன். பிறகு சுவிட்சை அணைத்தேன். அணைத்த பிறகும் மின்விசிறி கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது.